ஜெசிந்தாவின் பேரில் பதினேழு நிமிடம்

கடிதம் வந்தபோது ஜெசிந்தா ரயில்வே கேட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தை நடந்து பார்த்து வரும் ஆள் பையிலிருந்து எடுத்து நீட்டினான். மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். சரக்கு வண்டி கடைசிப் பெட்டிவரை கடந்து, கேட்டைத் தூக்கி, காத்திருந்த வண்டிகள் எல்லாம் இரண்டு பக்கமும் போய் முடிந்த பிறகுதான் உறையைப் பிரித்தாள்.

ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் இந்தி. தமிழில் படித்தவள்தான். ஆனால் கிளார்க் பரீட்சைக்காக இரண்டு வருஷம் இங்கிலீஷை உருட்டி உருட்டிப் படித்திருந்ததால் விஷயம் புரிந்தது. ஜூன் ஒன்பதாம் தேதி காலை, தெற்கிலிருந்து வந்த எக்ஸ்பிரஸ் கல்லேரி கேட்டுக்கு வெளியே இருபத்திரண்டு நிமிடம் நின்றது. அதில் ஐந்து நிமிடம் சிக்னல் துறையின் கணக்கு. மீதி பதினேழு நிமிடம், கேட் கீப்பர் எம். ஜெசிந்தா பூட்டுக் கைப்பிடியை முழுவதும் திருப்பாமல் விட்டதால் ஏற்பட்டது. அவர்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பத்து நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது காது மடல் இரண்டும் சுட்டன.

ஒன்பது வருஷமாக அவள் பேரில் ஒரு நிமிடம்கூட எழுதப்பட்டதில்லை. செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். இருபத்தொன்பது வயதில் ரயில்வே பரீட்சை எழுதித் தேறி, தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் ஆண்களோடு நின்று ஜல்லி இடித்தவள். ஆறு வருஷத்தில் முழங்கால் வீங்கிப்போனது. டாக்டர் எழுதிக் கொடுத்ததன் பேரில் செங்கல்பட்டுக்குத் தெற்கே இந்தக் கேட்டுக்கு மாற்றினார்கள். இங்கேயும் உட்கார நேரமில்லை. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது வண்டி. ஒவ்வொன்றுக்கும் கேட்டை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், பச்சைக்கொடி பிடித்து வெளியே நிற்க வேண்டும். அதனால்தான் கிளார்க் பரீட்சை எழுதினாள். போன மாதம் பட்டியல் வந்தது. மூன்று இடம், மூன்றாவது பேர் அவளுடையது. அடுத்த வெள்ளிக்கிழமை உத்தரவு வரும் என்றார்கள். பேரில் விசாரணை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

இந்த நேரத்தில்தான் பதினேழு நிமிடம்.

ரயில் தாமதமானால் வெளியே இருப்பவர்கள் ரயில்வேயைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே அப்படி விடமாட்டார்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்தாக வேண்டும். சிக்னல் கெட்டால் சிக்னல் துறை, தண்டவாளம் கெட்டால் இன்ஜினியரிங், மேல்கம்பி அறுந்தால் மின்சாரப் பிரிவு. யாரோ சங்கிலியை இழுத்தால் அதற்குப் படிவத்தில் ஒரு கட்டம், மாடு குறுக்கே வந்தால் அதற்கும் ஒரு கட்டம். யாராலும் இல்லை என்று எழுதக் கட்டம் கிடையாது. காலையில் ஒவ்வொரு துறையின் அதிகாரியும் போனில் உட்கார்ந்து முந்தின நாள் நிமிடங்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மாதக் கடைசியில் யார் கணக்கில் அதிகம் சேர்ந்திருக்கிறதோ அவருக்கு மேலே இருந்து பாட்டு விழும். அதனால் யாரும் தன் தலையில் ஒரு நிமிடம்கூட ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். மேலே தள்ள முடியாதது கீழே உருண்டு உருண்டு கடைசியில் கொடி பிடித்து நிற்பவரிடம் வந்து நிற்கும்.

அன்று காலை நடந்தது ஜெசிந்தாவுக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது. ஏழு முப்பத்தைந்துக்குக் கேட்டை இறக்கிக் கைப்பிடியைத் திருப்பிப் பூட்டிச் சாவியை வெளியே எடுத்தாள். மேசையில் இருக்கும் அச்சடித்த தாளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் வேதாந்தத்துக்குப் போனில் எண் சொன்னாள். அறுபத்து நான்கு. கேட்டை மூடிவிட்டேன் என்று வாயால் சொன்னால் மட்டும் செல்லாது. தாளில் வரிசையாக இருக்கும் எண்களில் ஒன்றைச் சொல்லி, சொன்னதை அடித்துவிட்டு, பக்கத்தில் நேரம் போட வேண்டும். அதே எண்ணை அவர் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் பூட்டியதும் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாவிட்டால் ஸ்டேஷனில் சிக்னல் விழாது. ஏழு முப்பத்தாறுக்கு எக்ஸ்பிரஸ் வளைவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது.

வேதாந்தம் சிக்னல் ஊழியனுக்குப் போன் போட்டார். ரயில் டிரைவரிடம், சிக்னல் விழாமலே வரலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்து வண்டியை நகர்த்தலாம், ஆனால் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடக்க அன்று ஸ்டேஷனில் அவரைத் தவிர ஆள் இல்லை. ஜெசிந்தா கைப்பிடியைத் திறந்து, மறுபடி பூட்டி, மறுபடி திறந்து பூட்டிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேன்கள் வரிசையாக நின்றன. ஒரு பள்ளிக்கூட பஸ். சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி. ஹாரன் சத்தத்தில் போன் பேசியது காதில் விழவில்லை. ஒரு வேன் டிரைவர் இறங்கி வந்து, டிரெயினையும் காணோம், கேட்டையும் திறக்க மாட்டேன்றே, தூங்கிகினு கீறியா என்று கேட்டான். அவள் மறுபடி கைப்பிடியைத் திருப்பினாள்.

சிக்னல் ஊழியன் கேசவன் வந்தபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. சிக்னல் துறைப் பையன் என்று எல்லோரும் சொன்னாலும் முப்பத்து மூன்று வயது ஆகிறது, இரண்டு குழந்தை. நான்கு கேட்டுக்கும் ஒரு ஸ்டேஷனுக்கும் அவன் ஒருவன்தான். அவனோடு இருந்த இரண்டு பேர் ஓய்வு பெற்ற பிறகு யாரையும் போடவில்லை. பைக்கைச் சரிவில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். கேட் பக்கத்தில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, ஸ்குரூ டிரைவரால் ஒரு கம்பியை அழுத்தி முறுக்கினான். விளக்கு எரிந்தது. ஏழு ஐம்பத்தெட்டுக்கு எக்ஸ்பிரஸ் கிளம்பியது.

இவ்வளவும் சரி. கடிதத்தில் இருந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது?

அவள் பழுதுப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். ஜூன் ஒன்பது. பழுது கண்ட நேரம் 7.36. சிக்னல் ஊழியர் வந்த நேரம் 7.41. கீழே கேசவன் கையெழுத்தில் ஒரு வரி இங்கிலீஷ்: சோதித்துப் பார்த்தேன், சரியாக வேலை செய்கிறது. 7.41 என்று எழுதியிருந்தது ஜெசிந்தாவின் கை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கேட்டுகளில் அதற்கு டைம் போட்டுக் கொடுப்பது என்று பேர். தகவல் போன சில நிமிடத்தில் சிக்னல் ஊழியன் வந்தாக வேண்டும் என்பது மேலிடத்து எழுத்து. நான்கு கேட்டை ஒருவன் பார்த்தால் அது நடக்காது என்பது கீழே எல்லோருக்கும் தெரியும். எழுத்துக்கும் நடப்புக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை கேட் கீப்பர்கள் பேனாவால் மூடிவிடுவார்கள். வருகிறவன் வேர்த்து விறுவிறுத்து வந்து, அக்கா, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடு என்பான். போட்டுக் கொடுப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பழுதும் சரியாகிவிட்டது, வண்டியும் போய்விட்டது, பாவம் அவன் ஒருத்தன், இதில் என்ன கெட்டுப்போகும்?

கெட்டுப்போனது இதுதான். ஏழு நாற்பத்தொன்றுக்கே ஆள் வந்துவிட்டான், சோதித்தான், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியென்றால் ஏழு ஐம்பத்தெட்டுவரை வண்டியை நிறுத்தி வைத்தது யார்? கேட்டைப் பூட்டத் தெரியாத ஜெசிந்தா.

*

மறுநாள் காலை டியூட்டி இல்லை. பஸ் பிடித்து செங்கல்பட்டுக்குப் போனாள். அவளுடைய மேலதிகாரி கோதண்டராமன், தண்டவாளப் பிரிவின் பொறியாளர். கத்திப் பேசமாட்டார், கையெழுத்துக்கு அலைய விடமாட்டார் என்று நல்ல பேர் எடுத்தவர். அவளைப் பார்த்ததும் தாமே நாற்காலியைக் காட்டினார். கடிதத்தைப் பற்றி அவள் பேச வாயெடுக்கும்முன், கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார். இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கவனக்குறைவால் நடந்துவிட்டது, இனி நடக்காது. ஒரு எச்சரிக்கையோடு அவரே கோப்பை மூடிவிடுவார். வியாழக்கிழமைக்குள் மூடினால் வெள்ளிக்கிழமை கிளார்க் உத்தரவில் பேர் வந்துவிடும். சண்டை போட்டால் விசாரணை, விசாரணை என்றால் மூன்று மாதம், ஆறு மாதம். அதுவரை உத்தரவு காத்திருக்காது.

கேட்டைச் சரியாகத்தான் பூட்டினேன் என்று ஜெசிந்தா சொன்னாள். பூட்டியிருப்பாய் என்று எனக்கும் தெரியும் என்றார் அவர். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரிஞ்சுமா சார் என் பேரை எழுதுனீங்க?”

“ஏம்மா, போன செவ்வாய்க்கிழமை நம்ம வெல்டிங் ஆளுங்க பன்னெண்டு நிமிஷம் லேட் பண்ணிட்டாங்க. அதை சிக்னல்காரங்க அவங்க கணக்குல வாங்கிக்கிட்டாங்க. இப்ப அவங்க கேக்கறப்ப நாம முகத்தைத் திருப்பிக்க முடியுமா? ரிஜிஸ்டர்லயும் அவங்களுக்குத் தோதா எழுதியிருக்கு. நானா எழுதச் சொன்னேன்?”

தன் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வாங்கியவன், கொடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருப்பிச் செய்துதானே ஆக வேண்டும் என்று சொல்வதுபோல அவர் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் அவளை வெறுத்து எழுதியிருந்தால் பதிலுக்கு வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். அவர் அவளைப் பற்றி நினைக்கவே இல்லை. பன்னிரண்டு நிமிடக் கடனைத் தீர்க்கக் கைக்கு எது அகப்பட்டதோ அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவளுடைய ஒன்பது வருஷம் அகப்பட்டது.

யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வெளி அறையில் தபால் பார்க்கும் சாவித்ரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு ஜெசிந்தா, இங்கே எல்லாரும் அப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஜெசிந்தாவுக்கு அவளையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

*

கேசவன் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் மாமனாரின் டிபன் கடையில் இருப்பான் என்று தெரியும். மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது கடை. திருக்கழுக்குன்றம் வழியாக வந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

ஊரெங்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சென்னையிலிருந்து வந்த கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. கேசவன் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

“இன்னாக்கா, இவ்ளோ தூரம்? நாஸ்தா சாப்டுறியா?”

சாப்பிட வரவில்லை என்றாள். அவன் அவளைக் கடைக்குப் பின்னால், தண்ணீர் டிரம்கள் வைத்திருந்த சந்துக்கு அழைத்துப் போனான். அவள் கடிதத்தை நீட்டினாள். அவன் படிக்கவில்லை. விஷயம் அவனுக்கு முன்னாலேயே தெரியும் என்பது அதிலேயே தெரிந்தது.

அவள் நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். நீ வந்தது ஏழு ஐம்பத்தைந்து. கம்பி லூஸாக இருந்தது, நீ முறுக்கினாய், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை மட்டும் உன் அதிகாரியிடம் எழுதிக் கொடு. வேறெதுவும் வேண்டாம். தன் கிளார்க் உத்தரவைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லும்போது கெஞ்சுவதுபோல ஆகிவிட்டது, அது தனக்கே பிடிக்காமல் பாதியில் நிறுத்தினாள்.

கேசவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பழுது அவன் பேரில் இருக்கிறது. மூன்றாவது ஏறினால் தூக்கி எங்கேயாவது கண்காணாத செக்‌ஷனில் போட்டுவிடுவார்கள். சின்னவளுக்கு மூச்சிரைப்பு, இங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் சரியாக வேலை செய்கிறது என்று எழுதினான். அக்காவுக்கு வார்னிங்தானே, வார்னிங்கால் யாருக்கு என்ன ஆகிவிட்டது?

“உனக்கு டைம் போட்டுக் குடுத்தது யாரு கேசவா?”

“நீதானேக்கா எழுதுன. நானா கையைப் புடிச்சு எழுதுனேன்?”

  ஜெசிந்தாவுக்கு அவனை அடிக்கக் கை எழுந்தது. அடிக்கவில்லை. அடித்தால் அவன் கணக்கு தீர்ந்துவிடும் என்று தோன்றியது. அதோடு, அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. இரக்கப்பட்டுக் கொடுத்த நேரம். கொடுத்த பிறகு அது யார் கையில் என்னவாக மாறும் என்று கேட்காமல் கொடுத்த நேரம்.

“நீ வாயைத் தொறந்து சொல்லாட்டி நான் சொல்லுவேன். அப்ப உன் பேரும் வரும். அப்புறம் அக்கா இப்படிப் பண்ணிட்டாளேன்னு கேக்காத.”

“உன் பேருந்தானேக்கா வரும்? பொய்யா எழுதுனேன்னு நீயே சொல்லிக்கினா உன்னிய சும்மா வுட்ருவாங்களா?”

அவள் சந்திலிருந்து வெளியே வந்தாள். அவன் கேட்டது சரியான கேள்வி. பஸ் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் வந்தாள். கைப்பிடியைச் சரியாகத் திருப்பவில்லை என்றால் கவனக்குறைவு, எச்சரிக்கை. பதிவேட்டில் பொய் எழுதினாள் என்றால் அது நேர்மை தவறிய குற்றம். செய்யாத சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் கிளார்க் நாற்காலி. செய்த பெரிய குற்றத்தைச் சொன்னால் எல்லாம் போகும். இப்படி ஒரு கணக்கை எவன் போட்டு வைத்தான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் கணவன் ஸ்டான்லிக்கு இதில் யோசிக்க எதுவுமே இல்லை. அவன் சிறுசேரிக்கு கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் ஷட்டில் வேன் ஓட்டுகிறான். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: இரண்டு வரி எழுதிக் கொடு, வெள்ளிக்கிழமை உத்தரவு வாங்கு, சனிக்கிழமை எல்லாவற்றையும் மறந்துவிடு. காலையில் ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும் வேலை. மகள் ரூத் பத்தாவது போகிறாள், வீட்டில் ஒருத்தர் இருந்தால் நல்லது. முழங்காலை நினைத்துப் பார். பிறகு தன்னையே உதாரணம் காட்டினான்.

“ஓஎம்ஆர் ரோட்டுல டிராஃபிக் ஜாமானா நான் இன்னா பண்ணுவேன்? பத்து நிமிஷம் லேட்டுனா டிரைவர் பேர்லதான் போடுவான். டெய்லி வாங்கிக்கறேன். செத்தா பூட்டேன்?”

“நீ வாங்கிக்கறதாலதான் உனுக்கு டெய்லி போடறான்.”

ஸ்டான்லி பிசைந்த கையோடு அவளைப் பார்த்தான். ரூத் புத்தகத்துக்குப் பின்னால் சிரிப்பை அடக்கினாள். அவன் கோபித்துக்கொண்டு, அப்படியென்றால் நீயே உன் கேட்டில் கொடி புடிச்சுகினு நில்லு, அறுபது வயசு வரைக்கும் நில்லு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

*

செவ்வாய்க்கிழமை மதியம், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கிடைத்த இருபது நிமிடத்தில் அவள் விளக்கத்தை எழுதினாள். இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தாள். அந்த மொழியில் அவளுக்கு வந்ததெல்லாம் தயவுசெய்து, மன்னிக்கவும், பணிவுடன் என்ற சொற்கள்தான், பரீட்சைக்கு அவற்றைத்தான் மனப்பாடம் செய்திருந்தாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் தமிழில் எழுதினாள்.

“ஐயா, அன்று காலை 7.35க்குக் கேட்டை மூடிப் பூட்டி ஸ்டேஷன் மாஸ்டருக்கு 64 என்ற எண்ணைக் கொடுத்தேன். விளக்கு எரியவில்லை. சிக்னல் ஊழியர் கேசவன் வந்த நேரம் 7.55. பெட்டியில் கம்பியை முறுக்கிய பிறகு விளக்கு எரிந்தது. பதிவேட்டில் அவர் 7.41க்கு வந்ததாக எழுதியது நான். அது பொய். அவருக்கு உதவியாக எழுதினேன். அது என் தப்பு. அதற்கு உண்டான தண்டனையைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வண்டியை நிறுத்தியது நான் இல்லை. பதினேழு நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட என்னுடையது இல்லை.”

புதன்கிழமை சாவித்ரியிடம் கொடுத்து இரண்டு பிரதியிலும் சீல் வாங்கினாள். சாவித்ரி படித்துவிட்டு, சீல் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போயேன், நான் பார்க்கவே இல்லைன்னு இருந்துடறேன் என்றாள். ஜெசிந்தா சீல் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாவித்ரி அடித்தாள்.

கோதண்டராமன் முதல்தடவையாகக் குரலை உயர்த்தினார். உன்னைக் காப்பாற்றத்தானே நான் வழி சொன்னேன், நீயே கிணற்றில் குதிப்பாயா? இனி கோப்பு என் கையில் இல்லை, மேலே போகும். சிக்னல்காரர்கள் என்னிடம் என்ன கேட்பார்கள் தெரியுமா? அவர் கவலை எங்கே இருந்தது என்பது அந்தக் கடைசி வரியில் வெளியே வந்தது.  வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. பட்டியலில் நான்காவதாக இருந்தவர் பேர் மூன்றாவது இடத்தில் இருந்தது.

விசாரணை நான்கு மாதம் இழுத்தது. கேசவன், வந்த நேரம் சரியாக நினைவில்லை என்றான். அவன் பொய் சொல்லவும் இல்லை, உண்மை சொல்லவும் இல்லை. வேதாந்தம் சாட்சிக்கு வந்தார். நெற்றியில் நாமம் பளிச்சென்று, பேச்சு தேன்போல. அம்மா, நீங்க நல்ல வேலைக்காரின்னு நான் எங்கே வேணும்னாலும் சொல்வேன் என்று வராந்தாவில் சொன்னார். உள்ளே, அன்று பத்து விஷயம் பார்த்துக்கொண்டிருந்ததால் கேசவன் எப்போது வந்தான் என்பது தமக்குத் தெரியாது என்றார். அவருக்கும் ஒரு பயம். ஏழு ஐம்பதுக்கு அவர் கேசவனுக்கு இரண்டாவது போன் போட்டபோது அவன் இன்னும் அடுத்த கேட்டில்தான் இருந்தான். அதைச் சொன்னால், இருபத்திரண்டு நிமிடம் டிரைவருக்கு ஏன் சீட்டு அனுப்பவில்லை என்ற கேள்வி அவர் பக்கம் திரும்பும்.

ஜெசிந்தா வராந்தாவில் அவரை மறித்து நின்றாள்.

“எல்லார் வாயும் மறந்துபோச்சு. உங்க புத்தகத்துல அறுபத்து நாலு கீதே சார், அதையாவது காட்டுனீங்களா?”

வேதாந்தம் அதைக் காட்டத்தான் வேண்டியிருந்தது. விசாரணை அதிகாரி அவர் புத்தகத்தையும் ஜெசிந்தாவின் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 7.35, எண் 64, இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தது. பூட்டுக் கைப்பிடியைத் தாமே கேட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தார். அதை முழுவதும் திருப்பாமல் சாவி வெளியே வராது, சாவி வராமல் யாரும் எண் கொடுக்க மாட்டார்கள். ஜெசிந்தா மேசைப் பக்கம் நின்று அவர் திருப்புவதைப் பார்த்தாள். நான்கு மாதத்தில் இதை ஒருவரும் செய்து பார்க்கவில்லையே என்று நினைத்தபோது, ஜெயித்த சந்தோஷத்துக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது.

அக்டோபரில் முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். கோதண்டராமன் இரண்டு தாளை எடுத்து வைத்தார். முதல் தாள்: பதிவேட்டில் தவறான நேரம் எழுதியதற்காக ஜெசிந்தாவுக்கு ஆறு மாதம் சம்பள உயர்வு நிறுத்தம். அவள் வாங்கி, படித்து, ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் கையெழுத்துப் போட்டாள். அது அவளுடையது. அதில் அவளுக்குக் கோபம் இல்லை. டியூட்டி மாறி வரும் மற்ற கேட் கீப்பர்களிடமும், இனி யாருக்கும் டைம் போட்டுக் கொடுக்காதீர்கள் என்று அவளே சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவர்கள் சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாவது தாள், அந்தப் பதினேழு நிமிடத்தைத் திருத்தி எழுதிய கூட்டுக் குறிப்பு. சிக்னல் துறையும் இன்ஜினியரிங் துறையும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தன. கேட் கீப்பர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. பதினேழு நிமிடத்திலிருந்து அவள் பேர் நீக்கப்பட்டிருந்தது. கேசவன் பேரும் இல்லை. கம்பி லூஸாக இருந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி இல்லையாம். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி: சாலையில் வாகன நெரிசல், கேட்டை உரிய நேரத்தில் மூட இயலவில்லை.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். நான்கு மாதச் சண்டைக்குப் பிறகு இரண்டு துறையும் சேர்ந்து நிமிடங்களைக் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தன. வேன் டிரைவர்கள் தலையில், பள்ளிக்கூட பஸ் தலையில், சவுக்குக் கட்டை லாரி தலையில்.

“சார், அன்னிக்கு ரோட்டுல நின்னவங்க எல்லாம் கேட்டு மூடியிருந்ததாலதான் நின்னாங்க. 7.35க்கு மூடுனேன்னு உங்க விசாரணைதான் சொல்லுது. அப்புறம் மூட முடியலன்னு எப்படி எழுதுவீங்க?”

“ஏம்மா, உன் பேரை எடுத்தாச்சு. அடுத்த பட்டியல்ல நீ வந்துடுவ. இது பொதுக் கணக்கு. இதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம். ரோட்டுல நின்னவன் எவனாவது வந்து ஏன்டா என் பேர்ல எழுதினேன்னு கேக்கப்போறானா?”

“நான் கேக்கறேன் சார்.”

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் இந்தக் கோப்பையும் மூட முடியாது, மூடாத கோப்பு அடுத்த பட்டியலிலும் குறுக்கே நிற்கும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பயமுறுத்தச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அவளுக்கும் அது புரிந்தது. தாளை மேசையில் நேராக வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளி அறையில் சாவித்ரியிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். சாவித்ரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். இப்ப எதுக்கு, எல்லாம்தான் முடிஞ்சுதே என்றாள். தாளைக் கொடுக்கவில்லை. ஜெசிந்தா படி இறங்கி, ஸ்டேஷன் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நான்கு தாள் வாங்கினாள். கடை வாசலில் நின்றிருந்த யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ ஒரு தாளை வைத்து, ஐயா, என்று எழுத ஆரம்பித்தாள்.